பதினோரு ஆம்ப்ளிபயரும் ஒரு சாட்சியும்

பிப்ரவரி 18, ஞாயிறு. காலை 11 மணி

நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சந்தேகம் இருந்தால் தனுஷ்கோடியைக் கேட்டுக்கொள்ளலாம். நேற்றுச் சாயங்காலம் அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே, "கோடி, இன்னைக்கு விடியிறதுக்குள்ள ஏதோ ஒன்னு நிக்கும், எவனோ ஒருத்தன் மாட்டுவான், பாத்துக்க" என்றேன். "ஏறும்போதே ஆரம்பிச்சிட்டியா?" என்றான். அப்படியே நின்றது. அப்படியே ஒருத்தன் மாட்டினான்.

இந்த டைரி எலக்ட்ரிக்கல் கடையில் கொடுத்தது. ஜனவரி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. எழுதும்படியான விரோதம் ஜனவரியில் எனக்கு யாரோடும் இல்லை. இப்போது இருக்கிறது. பின்னால் எவனும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காகத் தேதி போட்டு எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனால் எட்டாவதை இரண்டு வருடம் படித்தேன், ஆகவே ஆழமாகப் படித்தவன்.

நான் சோணைமுத்து. சோணை ஒலி ஒளி. முப்பத்தெட்டு வருடமாக மதுரையில் நான் குழாய் ஸ்பீக்கர் கட்டாத வேப்பமரம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் முதல்முறையாக விடிய விடியக் கலைவிழா என்று ஒன்று நடத்தினார்கள். ராத்திரி ஏழு மணி முதல் காலை ஆறு வரை, எட்டு இடங்களில். திருவிழா என்றால் சாமி வேண்டும், ராட்டினமாவது வேண்டும். இரண்டும் இல்லை. 'சமகாலக் கலை' என்று பேனர் மட்டும் தெருவுக்குத் தெரு தொங்கியது. கோடி சொன்னான்: "நமக்குப் புரியலேன்னா அதுதான் சமகாலம்."

எங்களைக் கூப்பிட்டது நாகுசாமி. முப்பது வருடச் சினேகிதன் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும். வடக்கு வெளி வீதிக்குப் பின்னால், ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியில் ராத்திரி வாட்ச்மேன். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் அவனும் சம்சாரம் செல்லத்தாயும் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறார்கள். வேலை போனால் அந்த அறையும் போகும், அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கிட்டங்கியும் எட்டு இடங்களில் ஒன்று.

முதலில் மற்ற இடங்களைப் பார்த்தோம். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய மரத்தராசு. ஒரு தட்டில் சட்டையில்லாமல் ஒரு ஆள், எதிர்த் தட்டில் அவன் எடைக்கு ஐஸ் பாளம். ஐஸ் உருக உருக ஆள் கீழே இறங்குகிறான். அவ்வளவுதான் கலை. கோடி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இவன் காலு தரையைத் தொடுறதைப் பாக்காம வரமாட்டேன்" என்றான். இன்னொரு இடத்தில் சுவர் உயரத்துக்குத் திரை கட்டி ஒரு பசுமாடு அசை போடுவதை ஆறு மணி நேரம் காட்டினார்கள். எங்கள் தெரு மாடு இதைவிட நன்றாக நடிக்கும் என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்களும் கலைஞரா என்று கேட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

பதினோரு மணிக்குக் கிட்டங்கி. பெரிய வரிசை. எல்லோரையும் போல நாங்களும் ஒரு மணி நேரம் நின்றுதான் உள்ளே போனோம்.

உள்ளே நாற்பத்தொரு குழாய் ஸ்பீக்கர். அத்தனையும் பழசு. உள்பக்கம் பார்த்து வட்டமாக அடுக்கியிருந்தார்கள். நடுவில் பாய். ஓரத்தில் நீள மேசையில் பதினோரு பழைய ஆம்ப்ளிபயர். அதிலிருந்து பாட்டா? இல்லை. பேச்சா? இல்லை. ம்ம்ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் இரைச்சல். ஜனங்கள் கண்ணை மூடிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பலகை, 'உறுமல்' என்று.

எர்த் இல்லாத செட்டு இப்படித்தான் இரையும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்வது. "நாற்பத்தொரு குழாயைக் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு எர்த் குடுக்கத் தெரியலையே" என்றேன். ஞாயமான பேச்சு. அதற்கு நாகு என்ன சொன்னான் தெரியுமா? மஞ்சள் பனியன் போட்ட விழாப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது சொல்கிறான்:

"நீ மொதல்ல உன் செட்டைப் பாரு மாப்ள. போன ஆவணியில தாலி கட்டுற நேரத்துல கூஊஊன்னு கத்தி, ஐயரே காதைப் பொத்திக்கிட்டு ஓடுனாரே, அது எந்த ஊரு மைக்கு?"

எல்லாம் சிரித்தன. ஒரு பெண் பிள்ளை சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டது. அந்த மண்டபத்தில் கரண்டு கோளாறு. என் செட்டில் ஒன்றும் இல்லை. அதை நான் முப்பது பேரிடம் விளக்கியிருக்கிறேன். நாகுவுக்கும் விளக்கியிருக்கிறேன்.

இரண்டு மணிக்குத் தெருவில் கண்ணாடி ஊர்வலம். ஆளுயரக் கண்ணாடியைச் சுமந்துகொண்டு நாற்பது பேர் வந்தார்கள். மொத்த ஜனமும் தன் மூஞ்சியைப் பார்க்க ஓடியது, மஞ்சள் பனியன்களும் ஓடின. கிட்டங்கி காலி. அந்த நேரத்தில்தான் இரைச்சல் நின்றது. எவரோ பதினோரு ஆம்ப்ளிபயருக்கும் ஒழுங்காக எர்த் இழுத்து, குமிழ்களை எல்லாம் நேராக்கி, பன்னிரண்டே நிமிடத்தில் சுத்தமாக அமத்தியிருக்கிறார்கள். வயரை முறுக்கியிருந்த விதத்தைப் பார்த்தால் நகை முறுக்கு மாதிரி.

நான் அப்போது தெருவில் இருந்தேன். சந்துப் பக்கச் சன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன். நாகுசாமி கையில் கட்டிங் பிளேயரோடு ஆம்ப்ளிபயர் மேசைக்குப் பின்னால் குனிந்திருந்தான். விழாக்காரர்கள் டார்ச்சோடு வந்து யார் யார் என்று கத்தினபோது பார்த்ததைச் சொன்னேன். அவ்வளவுதான்.

அதே நாள், ராத்திரி

என் சம்சாரம் பேச்சி கேட்டாள், "நாகண்ணன் எதுக்கு அதைத் தொடப்போறாரு? பியூஸ் போடவே உங்களைத்தானே கூப்பிடுவாரு?"

பெண்களுக்குத் தொழில் விஷயம் தெரியாது.

பிப்ரவரி 19, திங்கள்

இடது கட்டைவிரலில் கொப்புளம். சாம்பார் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தது. நான் எப்போது தாளித்தேன் என்று பேச்சி கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அந்த உறுமலைச் செய்த பெண் கடைக்கே வந்துவிட்டாள். அமலி என்று பேர், தூத்துக்குடி. முடியை ஆம்பளை மாதிரி வெட்டியிருக்கிறாள். வயது முப்பதுக்குள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அங்கிள், நீங்கதான் வாட்ச்மேனைப் பாத்ததா சொன்னீங்களாமே?"

அங்கிள் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"எர்த் இல்லாம இரைஞ்சா செட்டு கெட்டுப்போயிரும்மா. யாரு செஞ்சாலும் நல்லதுதான் செஞ்சிருக்காங்க" என்றேன்.

"அது கோளாறு இல்ல. அதுதான் என் வேலை." நான் போட்ட நாற்காலியைத் தள்ளிவிட்டாள். "ஒரு வருஷமா ஊர் ஊராப் போய் அந்தப் பதினோரு செட்டையும் சேத்தேன். ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி இரையும். சூடு ஏற ஏற மாறும். ஏழு மணிக்கு ஆரம்பிச்சா விடியிறப்ப பதினொன்னும் ஒரே சுருதிக்கு வரும். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான் ராத்திரி பூராவும். ரெண்டு மணிக்கு நிறுத்திட்டாங்க."

"திரும்பப் போட வேண்டியதுதானே?"

"எப்படிப் போடுறது? குமிழ் எங்க நிக்கணும்னு பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தேன். அதையும் துடைச்சிருக்காங்க."

"துடைச்சவன் சுத்தமான வேலைக்காரன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எந்த ஜன்னல் வழியாப் பாத்தீங்க?"

"சந்துப் பக்கம்."

"எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி அடிச்சிருந்தோமே, அங்கிள்."

துணியில் ஓட்டை இருந்தது என்று சொன்னேன். கட்டாயம் இருந்திருக்கும். துணி என்றால் ஓட்டை இல்லாமலா?

அவள் போனபின் யோசித்தேன். இரைச்சலைச் சேர்த்து வைப்பார்களாம். நான் முப்பத்தெட்டு வருடமாக அதைத் துரத்துவதற்குத்தான் சாப்பிடுகிறேன். இந்தப் பெண் கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்ய? அதாவது, நாகு என்ன செய்ய என்று சொல்ல வந்தேன்.

பிப்ரவரி 21, புதன்

செல்லத்தாய் கடை வாசலில் நின்று சத்தம் போட்டாள். எதிரே பூக்கடை, சைக்கிள் கடை, எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏண்ணே, உங்களுக்குக் கண்ணு எங்கிட்டு இருக்கு? மூக்குக் கண்ணாடி இல்லாம கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரைப் படிக்க முடியாது உங்களால. அர்த்த ராத்திரியில கறுப்புத் துணிக்குப் பின்னால எம் புருசன் கையில பிளேயர் இருந்தது தெரிஞ்சுதாக்கும்?"

"சத்தம் போடாத தாயி. பார்த்ததைச் சொன்னேன்."

"பார்த்தீங்க! சனிக்கிழமை விசாரணையாம். மேனேசரு சொல்லிட்டாரு. பொருளைத் தொட்டது நிசம்னா மாசக் கடைசியோட ரூமைக் காலி பண்ணணும்னு. எங்க போவோம்? உங்க வீட்டுக்கு வரவா? உங்க குழாய்க்குள்ள குடியிருக்கவா?"

சைக்கிள் கடைக்காரன் சிரித்தான். அவனை நான் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

அவள் போகும்போது சொன்னாள்: "உங்களுக்குச் சர்க்கரை ஏறி ஆபரேசன் நடந்தப்ப ஒம்பது நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில யாரு உக்காந்தது?"

பத்து நாள். சொல்வதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 22, வியாழன்

தனுஷ்கோடியை ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன். சனிக்கிழமை என்னோடு வந்து உட்கார் என்றேன். ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சீட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான், "எங்க நின்னு பார்த்தேன்னு எழுதப்போற?"

"தெருவுல."

"வரிசையில நின்னு உள்ள போனோம்னும் சொல்லியிருக்கியாம்ல. நாம எங்கடா வரிசையில நின்னோம்? சந்துக் கதவை நமக்காகத் திறந்துவிட்டது நாகு. 'பெரிய மனுசங்க, நிக்க வேணாம், இங்கிட்டு வாங்க'ன்னு கிண்டலடிச்சுக்கிட்டே திறந்தான். அதையும் சொல்லமுடியாம முழிக்கிறான். அந்தக் கதவைத் திறந்ததே தப்புன்னு பிடிப்பாங்க."

"நீ பார்த்தியா, ரெண்டு மணிக்கு?"

"நான் ஐஸுக்காரனைப் பாத்துக்கிட்டிருந்தேன். காலு தரையைத் தொட ஒரு சாண் இருந்துச்சு." துணியை உதறினான். "நான் பார்க்காததைச் சொல்லமாட்டேன் சோணை. நீயும் சொல்லாத. இப்ப இறங்கு, சவாரி வருது."

சவாரி எதுவும் வரவில்லை. நான் நடந்து வீட்டுக்கு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஆட்டோ அங்கேயேதான் நின்றது.

பிப்ரவரி 23, வெள்ளி

கடைக்கு யாரும் வரவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கிய அந்த ஜெர்மன்காரரை நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதனைப் பார்த்ததும் எடை போடத் தெரிந்தவர்.

பிப்ரவரி 24, சனி

விசாரணை கிட்டங்கியிலேயே. மேனேஜர் ராமசுப்பு நடுவில், விழாக்காரர் ஒருத்தர், அமலி, சென்னையிலிருந்து வந்த சவுண்டு இன்ஜினியர் ஒருத்தன். காதில் கடுக்கன். நான் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. நாகு மூலையில் நின்றான். அவனுக்கு நாற்காலி போடவில்லை. எனக்குப் போட்டார்கள்.

ராமசுப்பு எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். "எனக்கு நேரமில்ல. விழாக்காரங்க தினம் போன் பண்றாங்க. ஒரு பேரை எழுத்துல குடுத்து இதை முடிக்கணும்."

நான் எழுந்து நின்று விவரமாகச் சொன்னேன். சன்னல். காற்றில் துணி விலகினது. நாகு. சிவப்புப் பிடி போட்ட கட்டிங் பிளேயர். பல்லில் வயரைக் கடித்துப் பிடித்திருந்தது. நெற்றியில் வியர்வை. சொல்லச் சொல்ல எனக்கே கண் முன்னால் தெரிந்தது. முடித்தபோது நல்ல அமைதி. அந்த அறையில் எதிரொலி நன்றாக அமைகிறது, கூட்டம் போட ஏற்ற இடம்.

பிறகு அந்த இன்ஜினியர் பேசினான். "வேலை தெரியாத எவனோ கண்டபடி வயரை இழுத்திருக்கான். அரைகுறை. ஒரு செட்டு புகைஞ்சிருக்கும், தப்பிச்சது அதிர்ஷ்டம்."

அரைகுறையா?

நான் கேட்டேன், "தம்பி, பதினொன்னுக்கும் தனித்தனியா எர்த் இழுத்து ஒரே புள்ளியில சேர்த்திருக்கே, அது அரைகுறையா? ஒன்னுலருந்து ஒன்னுக்கு மாலை மாதிரி கோத்திருந்தா நீ சொல்றது சரி. நாலாவது செட்டுல மட்டும் துரு இருந்ததால சுரண்டிட்டு முறுக்கியிருக்கு. அதைப் பாத்தியா? ஏழாவது செட்டு சூடு ஜாஸ்தி, கையை வைக்க முடியாது, அதையும் விடாம செஞ்சிருக்கு."

பேசி முடித்ததும் பார்க்கிறேன், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமலி என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டை வழியா இம்புட்டும் தெரிஞ்சுதா அங்கிள்?" என்றாள்.

"தொழில்காரனுக்குக் காதே போதும்" என்றேன். நல்ல பதில். நானே மெச்சிக்கொண்டேன்.

ராமசுப்பு நாகுவைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

நாகு சொன்னான்: "சந்துக் கதவைத் திறந்தது நான்தாங்கய்யா. அது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா மேசையைத் தொடலை. ரெண்டு மணிக்கு நான் உள்ளயே இல்ல." எங்கே இருந்தான் என்றும் ஏதோ சொன்னான். எழுதும்படியாக இல்லை, விட்டுவிடுகிறேன்.

"கதவைத் திறந்ததுக்கு வார்னிங்கோட விடலாம். பொருளைத் தொட்டா விட முடியாது. நீ வெளிய போனதுக்கு யாரு சாட்சி?"

நாகு என்னைப் பார்த்தான். கையை நீட்டவில்லை, பேர் சொல்லவில்லை. வெறுமனே பார்த்தான்.

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். அதில் ஒரு இறக்கை வளைந்திருக்கிறது. சத்தம் அதனால்தான் வருகிறது.

பேப்பர் கொடுத்தார்கள். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்று யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் நாகு அறையைக் காலி செய்ய வேண்டுமாம். கோடி போனில் சொன்னான். சொல்லிவிட்டு வைத்துவிட்டான். முழுதாக ஒரு வாக்கியம்கூட இல்லை.

நான் இதையும் எதிர்பார்த்ததுதான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பேச்சி சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்காரவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். என்ன என்று கேட்டேன்.

"நீங்க கதை சொல்றது எனக்குப் பழகிப்போச்சு. முப்பத்தி மூணு வருசம். அது யாரையும் கடிக்காத நாய்னு நினைச்சிருந்தேன்" என்றாள்.

எனக்குத் திரும்பக் கத்த நாலு வார்த்தை தயாராக இருந்தது. சொல்லவில்லை. குழம்பில் உப்பு இல்லை, அதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, புதன்

வேறு வேலையாக வடக்கு வெளி வீதிப் பக்கம் போனேன். கிட்டங்கி கேட் திறந்திருந்தது. நாகு தரையில் குந்தி உட்கார்ந்து கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான். செல்லத்தாய் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாகு தலையைத் தூக்கவில்லை.

"என்ன, குழாய் கட்ட வந்தியா? நான் காலி பண்றதை ஊருக்குச் சொல்லணும்ல."

"எங்க போறீங்க?" என்றேன்.

"செல்லத்தா தங்கச்சி வீட்டு மாடியில. தகரக் கொட்டகை. சித்திரை வரைக்கும் இருந்துக்கன்னிருக்கா. அப்பறம் தெரியலை."

"நான் பார்த்ததைத்தான் நாகு..."

"நிறுத்துறா." கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "நீ பண்ணினதுகூட எனக்குக் கோவமில்ல. இரைச்சலைக் கேட்டா உன் கை சும்மா இருக்காது, அது எனக்குத் தெரியும். கதவைத் திறந்துவிட்ட நான்தான் முட்டாள். 'நான்தான் பண்ணினேன், தெரியாமப் பண்ணிட்டேன்'னு அப்பவே சொல்லியிருந்தா அந்தப் புள்ள நாலு திட்டு திட்டியிருக்கும். உன் வீடா போகப்போகுது? கடையா போகப்போகுது? அதுக்கு எதுக்குடா என் பேரைச் சொன்ன?"

அவன் கழற்றிப் போட்டிருந்த போல்ட்டுகளை எண்ணினேன்.

"முப்பது வருசம். மந்திரி உன் மைக்கைக் கையில வாங்கிப் பாராட்டினாருன்ன. கூட இருந்தியான்னு எவனாவது கேட்டா, இருந்தேன்னேன். இடி விழுந்து ஊரே இருட்டானப்ப உன் செட்டு மட்டும் பாடுச்சுன்ன. ஆமா, கேட்டேன்னேன். உன் பொய் அம்புட்டுக்கும் நான்தான்டா சாட்சி. என்னோட ஒரே ஒரு நிசத்துக்கு நீ சாட்சி சொல்ல மாட்டேன்னுட்டு ஃபேனைப் பாத்த."

கட்டில் கால் கழன்று விழுந்தது. பிடிக்கப் போனேன்.

"தொடாத" என்றான். "நீ தொட்டதெல்லாம் போதும்."

பிப்ரவரி 29, வியாழன். காலை 5 மணி

தூக்கம் இல்லை. தனிப் பேப்பரில் எழுதினால் கை ஓடவில்லை, மூன்று தாளைக் கசக்கியாயிற்று. இந்த டைரியில்தான் எழுத வருகிறது. ஆகவே இந்தப் பக்கத்தையே கிழித்து ஒன்பது மணிக்கு ராமசுப்பு மேசையில் வைக்கப் போகிறேன். பேச்சி கூட வருகிறேன் என்கிறாள். நான் பாதி வழியில் டவுன் பஸ் ஏறி வேறு எங்காவது போய்விடுவேன் என்று பயமாம். அப்படி நினைக்க அவளுக்கு உரிமை உண்டு.

மேனேஜர் அவர்களுக்கு சோணைமுத்து எழுதுவது.

பதினோரு ஆம்ப்ளிபயருக்கும் எர்த் இழுத்தது நான். பன்னிரண்டு நிமிடம் என்று சொன்னது அடக்கமாகச் சொன்னது, பத்துதான் ஆனது. உங்கள் இன்ஜினியரால் ஒரு மணி நேரத்தில் முடியாது. சந்துக் கதவு வழியாக இரண்டாவது தடவை போனேன், தனியாகப் போனேன். ஸ்பீக்கர்கள் மௌனமானபோது அந்த ஹால் நடுவில் நின்று கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். நாகு சொன்ன அந்தக் கல்யாணத்தில் கூவியது என் செட்டுதான், கரண்டு இல்லை. என் வேலை என்ன என்று அவனுக்குக் காட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் பெண் பிள்ளை ஒரு வருடமாகச் சேர்த்தது அது என்று எனக்குத் தெரியாது. பலகையில் எழுதியிருந்ததாம், தொடாதீர்கள் என்று. மூக்குக் கண்ணாடி கொண்டுபோகவில்லை. அமலி என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கடைக்கு வந்து சொல்லட்டும், நாற்காலி போடுகிறேன். குமிழ்கள் எந்தெந்த இடத்தில் நின்றன என்று எனக்கு நினைவு இருக்கிறது, ஒன்பது செட்டுக்குச் சத்தியமாக நினைவு இருக்கிறது. வைத்துக் கொடுக்க முடியும்.

கை குலுக்கிய வெளிநாட்டுக்காரர் உண்மை. எந்த நாடு என்றுதான் தெரியவில்லை. கலைஞரா என்று அவர் கேட்கவில்லை, கக்கூஸ் எங்கே என்று கேட்டார்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். இதைக் கடைசியாக வைத்தது, இதை எழுதாமல் பக்கம் முடிந்துவிடாதா என்று பார்த்துத்தான். முடியவில்லை, இன்னும் இடம் இருக்கிறது.

நாகுசாமியை மேசைக்குப் பின்னால் கட்டிங் பிளேயரோடு பார்த்தேன் என்று நான் சொன்னதும், எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பொய். சன்னல் வழியாக நான் எதையும் பார்க்கவில்லை. நான் உள்ளே இருந்தேன். அவன் விசாரணையில் சொன்னது நிஜம், டீக்கடையில்தான் நின்றான். கேட்டை விட்டு வரமாட்டேன் என்றவனை, கண்ணாடி பார்க்கத்தான் எல்லாரும் போயிட்டாங்களே, யாரு கேக்கப்போறா என்று வற்புறுத்தி அனுப்பினது நான். அவன் இருந்தால் என்னைத் தொடவிட மாட்டான் என்பதற்காக அனுப்பினேன். எங்கள் மூன்று பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தான். டார்ச் வெளிச்சத்தில் நான் அவன் பேரைச் சொன்னபோது, ஹாலுக்குள் வந்து என்னைத் தேடிக்கொண்டிருந்தான். என் டீயில் சர்க்கரை போடவில்லை என்று சொல்வதற்காக.